கிளையண்ட் எனக்கே தரலங்கறார், 11 லட்சம் நிக்குது: என்ன பண்ணலாம்?

கேள்வி: அண்ணா, நான் காவேரிப்பட்டணம் பக்கம் சின்னதா சிவில் வேலை எடுத்து பண்றேன். ஓசூர்ல ஒரு கம்பெனி ஷெட்டுக்கு ஃபவுண்டேஷனும் ஃப்ளோரிங்கும், பெங்களூர் மெயின் கான்ட்ராக்டர்கிட்ட சப் எடுத்தேன், மெட்டீரியலும் நம்மளுதுதான். ஒர்க் ஆர்டர் 24 லட்சம், நடுவுல சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்ல சொல்லி 6 லட்சத்துக்கு எக்ஸ்ட்ரா வேலை. வந்தது 19 லட்சம். மீதி 11 லட்சத்த கேட்டா கிளையண்ட் எனக்கே தரலங்கறார். வேலை முடிஞ்சு பத்து மாசம் ஆச்சு, ஜல்லி லாரிக்காரர்ல இருந்து மேஸ்திரி வரைக்கும் வீட்டுக்கு வர்றாங்க.

பதில்: ஒர்க் ஆர்டர எடுத்து முழுசா படிங்க தம்பி. கிளையண்ட் பணம் வந்தா தான் உங்களுக்குன்னு, பேக் டு பேக்னு எங்கயாவது எழுதி அதுக்கு கீழ நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களா? இல்லன்னா அவருக்கும் கிளையண்ட்டுக்கும் உள்ள கணக்கு உங்களுக்கு சம்பந்தமே இல்லாதது, வேலை கொடுத்தவர் அவர், காசு தர வேண்டியவரும் அவர்தான். அப்படி ஒரு வரி இருந்தாலும் அதோட முடிஞ்சிடல, "என் வேலைக்கு கிளையண்ட்கிட்ட நீங்க எப்போ பில் போட்டீங்க, எவ்வளவு வந்துச்சு"ன்னு அவர்கிட்ட மெயில்ல கேளுங்க. பதில் வரலன்னா அதுவும் பின்னாடி உங்களுக்கு உதவும்.

ஆத்திரத்துல ஃப்ளோர உடைக்கறது, ஷெட்ட பூட்டறது மட்டும் வேண்டாம். காசு வர வேண்டிய நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல போய் நிக்க வேண்டியதாயிடும்.

உங்க கைல இருக்கற பெரிய பலம் அவங்களே உண்டாக்கின ரெக்கார்டுதான், இத நிறைய பேர் பாக்கறதே இல்ல. உங்க பான் நம்பருக்கு 26ஏஎஸ்னு இன்கம் டேக்ஸ் சைட்ல கிடைக்கற வரிக் கணக்கு ஷீட்ட எடுத்து பாருங்க, மெயின் கான்ட்ராக்டர் உங்க பேர்ல டிடிஎஸ் (பில்லுல புடிச்சு கட்டற வருமான வரி) எவ்வளவு தொகைக்கு கட்டியிருக்கார்னு அதுல வரும், 19 லட்சத்துக்கு மேல காட்டியிருந்தா உங்க பில்ல அவர் புக்ல ஏத்திட்டார்னு அர்த்தம், அப்புறம் வேலையே நடக்கல, குவாலிட்டி சரியில்லன்னு சொல்றது அவருக்கு கஷ்டம். அதே மாதிரி ஜிஎஸ்டி. உங்க இன்வாய்ஸ்ல உள்ள ஜிஎஸ்டிய அவர் கட்ட வேண்டிய வரில கழிச்சு, அதாவது இன்புட் கிரெடிட் எடுத்திருந்தா, இன்வாய்ஸ் தேதில இருந்து 180 நாளைக்குள்ள உங்களுக்கு பணம் தரணும், தரலன்னா எடுத்த கிரெடிட்ட வட்டியோட திருப்பணும். பத்து மாசம் ஆச்சுன்னா அந்த கெடு தாண்டிடுச்சு, இத லெட்டர்ல ஒரு பாராவா எழுதுங்க, அவங்க ஆடிட்டர் கண்ணுல பட்டாலே பேச்சு மாறும்.

எக்ஸ்ட்ரா 6 லட்சத்துக்கு ஒர்க் ஆர்டர் இல்லன்னு விட்டுடாதீங்க. இனாமா செய்யாத வேலையோட பலன ஒருத்தர் அனுபவிச்சா அதுக்கு ஈடு தரணும்னு 1872 கான்ட்ராக்ட் சட்டம் 70வது பிரிவு சொல்லுது. ஆனா எழுத்துல அப்ரூவல் இல்லாம எக்ஸ்ட்ரா கிடையாதுன்னு உங்க ஆர்டர்ல இருந்தா சண்டை கொஞ்சம் பெருசு. வாட்ஸ்அப் இருக்கற அந்த போன விக்காதீங்க, மாத்தாதீங்க, கோர்ட்டுல காட்ட அதுக்குன்னு ஒரு சர்ட்டிஃபிகேட் தரணும், வக்கீல் பாத்துக்குவார். சைட் இன்ஜினியர் இன்னும் அங்க இருந்தா கூட நின்னு அளவு எடுத்து மெஷர்மென்ட் ஷீட்ல கையெழுத்து வாங்குங்க, அவர் வேற கம்பெனிக்கு போயிட்டா அது நடக்காது.

வேலைக் காசுக்கு கேஸ் போட பொதுவா 3 வருஷம்தான் டைம். "அடுத்த மாசம்"னு இழுத்து இழுத்தே அந்த டைம தின்னுடுவாங்க. அதனால பாக்கி 11 லட்சம் உண்டுன்னு அவர் கையெழுத்தோட ஒரு லெட்டர் வாங்க பாருங்க, டைம் முடியறதுக்குள்ள வாங்கினா அன்னைலருந்து புதுசா 3 வருஷம் ஓடும். அவர் நடுநடுவுல அம்பதாயிரம் போட்டு விட்டா மட்டும் போதும்னு இருக்காதீங்க.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ். வட்டியும் கேப்பேன்னு அதுல கண்டிப்பா எழுதணும், ஒப்பந்தத்துல வட்டி பேசலன்னா அந்த நோட்டீஸ் தேதில இருந்துதான் பொதுவா வட்டி கேக்க முடியும்.

உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது சிறு தொழிலுக்கான மத்திய அரசு பதிவு, இருக்கான்னு நீங்க சொல்லல. 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாள்ல பணம் தரணும், தவறினா ரிசர்வ் பேங்க் ரேட்ட விட மூணு மடங்கு கூட்டு வட்டி. ஒர்க் ஆர்டர்ல "பெங்களூர் கோர்ட் மட்டும்"னு போட்டிருந்தா கூட, நம்ம தமிழ்நாட்டு ஃபெசிலிடேஷன் கவுன்சில்லயே (சிறு நிறுவனங்களோட பாக்கி தகராற பாக்கற அரசு அமைப்பு) மனு போடலாம், ஏன்னா சப்ளையர் இருக்கற இடத்து கவுன்சிலுக்கு அந்த அதிகாரம் இருக்கு. பெங்களூருக்கு அலையற செலவ நினைச்சே காச விட்ட ஓசூர், சூளகிரி பசங்களுக்கு இது பெரிய விஷயம். ரெண்டு சிக்கலும் இருக்கு. மெட்டீரியலும் லேபரும் சேர்ந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டுக்கு இந்த சட்டம் வராதுன்னு சில ஹைகோர்ட்டுங்க சொல்லியிருக்கு, உங்களுது அந்த வகைதான். இன்னொண்ணு, வேலை முடிஞ்சப்புறம் பதிவு பண்ணிட்டு பழைய பில்லுக்கு கேக்க முடியாதுன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. அதனால இத மட்டும் நம்பி 3 வருஷத்த விட்டுடாதீங்க. பதிவு இல்லன்னா அடுத்த வேலைக்காவது இப்பவே போட்டு வைங்க, ஃப்ரீதான்.

கோர்ட்டுன்னு வந்தா, ஆர்பிட்ரேஷன் கிளாஸ் (தகராறுன்னா கோர்ட்டுக்கு பதிலா நடுவர்கிட்ட போகணும்ங்கற வரி) ஒப்பந்தத்துல இல்லாத பட்சத்துல, 3 லட்சத்துக்கு மேல உள்ள கட்டுமான ஒப்பந்த தகராறு கமர்ஷியல் கோர்ட் சட்டத்துல வரும். அவசர தடை எதுவும் கேக்கலன்னா முதல்ல சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா மீடியேஷனுக்கு, அதாவது நடுவுல ஒருத்தர வச்சு பேசி தீர்க்க, போயே ஆகணும். அத வெறும் சடங்குன்னு நினைக்காதீங்க, டிடிஎஸ், ஜிஎஸ்டி பேப்பரோட போய் உக்காந்தா அங்கயே முடியற கேஸ் உண்டு.

நோட்டீஸ் போனதும் அவர் கூப்பிட்டு "5 லட்சம் வாங்கிக்கோ, ஒரு கையெழுத்து போடு"ம்பார். ஃபுல் அண்ட் ஃபைனல், அதாவது இதோட கணக்கு முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை அதுல இருந்தா போடாதீங்க. 5 லட்சத்த வாங்குங்க, ரசீதுல "பகுதி பணம், மீதி 6 லட்சம் பாக்கி"ன்னு எழுதி அவர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க.