தாத்தாவிடம் யாராவது கேட்டீர்களா?

கேள்வி: நான் கொடைக்கானல் மேல்மலையைச் சேர்ந்தவள். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'நாடகங்களில் வஞ்சனையும் குடும்பச் சண்டையும்' என்று செமினார் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்', சோபோக்ளிஸின் 'ஈடிபஸ்', இப்சனின் 'பொம்மை வீடு' மூன்றையும் எடுத்திருக்கிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தபோது, சித்தப்பாவின் பையில் ஒரு ஸ்டாம்ப் பேப்பரின் ஜெராக்ஸைப் பார்த்தேன். தாத்தாவின் கையெழுத்தும், சித்தப்பா பெயரும், எங்கள் பூண்டுக் காட்டின் சர்வே நம்பரும் இருந்தன. ஆள் வரும் சத்தம் கேட்டு வைத்துவிட்டேன், முழுதாகப் படிக்கவில்லை. தாத்தாவுக்கு 82 வயது, கண் சரியாகத் தெரியாது. அப்பாவும் சித்தப்பாவும் பேசி இரண்டு வருடமாகிறது. வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. அப்பாவிடம் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியும். தாத்தாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார். சொல்லாமல் இருந்தால் நானும் அந்தப் பொய்க்கு உடந்தை. நான் படித்த மூன்று நாடகங்களிலும் பொய்யால்தான் குடும்பம் அழிகிறது. நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், மேல்மலை

பதில்: அம்மாடி, முதலில் உன் கட்டுரையைப் பார்த்துவிடுவோம், வீட்டுக்கு அப்புறம் வருகிறேன். கட்டுரையில் நீ விட்ட இடத்தைத்தான் வீட்டிலும் விடப் பார்க்கிறாய் என்று எனக்குப் படுகிறது.

'பொய்யால் குடும்பம் அழிகிறது' என்று எழுதியிருக்கிறாய். எழுதச் சுலபமான வரி, மார்க்கும் வரும். ஆனால் உங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்திருப்பாயே? சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கிக் கொடுத்த அந்தக் கதை முழுக்கப் பொய்தான். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், தள்ளாடும் கிழவனாகித் தேனும் தினைமாவும் கேட்கிறான், கடைசியில் அண்ணனையே யானையாக வரச் சொல்லிப் பெண்ணைப் பயமுறுத்துகிறான். ஒரு குடும்பமும் அழியவில்லை. கல்யாணம் நடந்து மங்களம் பாடித்தான் நாடகம் முடிகிறது. (முருகன் செய்தால் மட்டும் அது லீலையா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான், அதற்குத் தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.) ஆக, பொய் என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. வேறு ஏதோ இருக்கிறது.

லியரில் நீ முதல் காட்சியை, கிழட்டு ராஜா மகள்களுக்கு ராஜ்யத்தைப் பிரிக்கிற இடத்தை, பற்றி மட்டும் எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். எனக்கு அதைவிட அடுத்த காட்சி முக்கியம். கிளாஸ்டர் பிரபுவுக்கு இரண்டு மகன்கள். எட்கர் முறையாகப் பிறந்த மூத்தவன், எட்மண்ட் முறை தவறிப் பிறந்தவன். எட்மண்டுக்கு வேண்டியது அண்ணனின் நிலம். அதை அவன் வாய்விட்டே சொல்கிறான். உன் வீட்டுச் சண்டை போலவே இதுவும் காட்டுச் சண்டைதான். அண்ணன் எழுதியது போல எட்மண்டே ஒரு கடிதம் எழுதி, அப்பா வரும் நேரம் பார்த்து அவசரமாக ஒளிக்கிறான். என்ன அது என்று அவர் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்கிறான். ஒன்றுமில்லை என்றால் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டாமே என்று கிழவர் பிடுங்கிப் படிக்கிறார். அப்பா கிழவராகிவிட்டார், இருவருமாகச் சேர்ந்து அவரை முடித்துவிட்டால் வருமானத்தில் உனக்குப் பாதி என்பது போல அதில் இருக்கிறது.

அதற்கடுத்து அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார். எட்கர் தூர தேசத்தில் இல்லை, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் இருக்கிறான். 'இது நீ எழுதியதாடா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாடகத்தில் பாதி அங்கேயே முடிந்துபோயிருக்கும். கேட்கவில்லை. விசாரிக்கிற வேலையை எட்மண்டிடமே கொடுக்கிறார், அதாவது பொய் சொன்னவனிடமே. எட்மண்டும் விசுவாசமாக விசாரித்து, அண்ணனைப் பயமுறுத்தி ஓடவைத்து, தன் கையைத் தானே கீறிக்கொண்டு அண்ணன்தான் வெட்டினான் என்று காட்டுகிறான். கிளாஸ்டர் கடிதத்தை நம்பினார், ரத்தத்தை நம்பினார். கண் இருந்த காலமெல்லாம் மகனின் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

'பொம்மை வீடு' 1879இல் வந்த நாடகம். நோரா தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கினாள் என்பதைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். ஏன் போட்டாள் என்று அவளே காரணம் சொல்கிறாள், அதைக் கவனித்தாயா? புருஷனுக்கு உயிர் போகிற நோய், அவனை இத்தாலிக்குக் கூட்டிப்போகப் பணம் வேண்டும். ஜாமீன் கையெழுத்து அப்பாவிடம் கேட்கலாம். ஆனால் அப்பாவும் படுக்கையில் கிடக்கிறார். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும், சொன்னால் அவர் தாங்க மாட்டார். அதனால் அவரைக் கேட்காமலே அவர் பெயரைப் போட்டுவிட்டாள். செப்டம்பர் 29ஆம் தேதி செத்துப்போன மனிதர் அக்டோபர் 2ஆம் தேதி கையெழுத்துப் போட்டதாகப் பத்திரம் சொல்கிறது. கடன் கொடுத்தவன் அந்தத் தேதியை வைத்துத்தான் அவளைப் பிடிக்கிறான்.

'தாங்க மாட்டார்.' உன் கடிதத்திலும் அதே வார்த்தைதான் இருக்கிறது.

ஈடிபஸ் மட்டும் கொஞ்சம் மாறி நிற்கிறான். அவன் கேட்டவன். விருந்தில் ஒரு குடிகாரன் 'நீ உன் அப்பனுக்குப் பிறந்தவனில்லை' என்று உளற, மறுநாளே அம்மா அப்பா முன்னால் போய் நின்று கேட்கிறான். அவர்கள் அந்தக் குடிகாரன்மேல் கோபப்பட்டார்களே தவிர, நாங்கள் உன்னை எடுத்து வளர்த்தவர்கள் என்று சொல்லவில்லை. மனசு ஆறாமல், அவர்களுக்குத் தெரியாமல் குறி கேட்கக் கிளம்பிப் போகிறான். அந்தப் பயணத்தில்தான் பெற்ற அப்பாவை யாரென்று தெரியாமலே கொல்கிறான், பெற்ற அம்மாவையே மணக்கிற வழியும் அங்கேதான் திறக்கிறது. எனவே 'கேட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் சொல்லவில்லை. கேட்கப்பட்டவரும் வாய் திறக்க வேண்டும்.

உன் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்பேன். ஒவ்வொரு நாடகத்திலும் கேட்கப்படாமல் விடப்பட்ட ஆள் யார்? யார் பொய் சொன்னார்கள் என்ற பட்டியலை உன் வகுப்பில் பாதிப் பேர் எழுதிக்கொண்டு வருவார்கள்.

சரி, இப்போது வீடு. அப்பாவிடம் சொல்லலாமா, பேசாமல் இருக்கலாமா என்று இரண்டு வழியை எடைபோட்டிருக்கிறாய். காடு யாருடையது? கையெழுத்து யாருடையது? அந்த மனிதர் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கேட்கிற யோசனை உனக்கு வரவே இல்லை. அவரைப் பற்றி உன் கடிதத்தில் நாலு விஷயம் வருகிறது. வயது, கண், கையெழுத்து, தாங்க மாட்டார். ஒரு இடத்திலும் அவர் பேசவில்லை.

அவருக்கு இது தெரியாது என்று யார் சொன்னது? கண் தெரியாதவர் என்பதால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம், அப்படி நடக்கிறதுதான். தெரிந்தே, யோசித்தே போட்டிருக்கவும் செய்யலாம். பிள்ளைகள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் எதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அவரே மறைத்து வைத்திருக்கலாம். பாதி படித்த ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இதில் எது என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

முதலில் அது என்ன பேப்பர் என்றே தெரியவில்லையே. உயிலா, தான செட்டில்மென்ட்டா, பவர் பத்திரமா, வெறும் குத்தகை ஒப்பந்தமா? உயில் என்றால் பதிவு கட்டாயமில்லை, தாத்தா இருக்கிறவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். தான செட்டில்மென்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால்தான் செல்லும், பதிவானபின் மனசு மாறி ரத்து செய்வது லேசில்லை. உன்னிடம் சர்வே நம்பர் இருக்கிறதே, பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார். காசு கேட்காது. தான செட்டில்மென்ட் பதிவாகியிருந்தால் அதில் தெரியும், உயில் என்றால் பதிவாகியிருந்தாலும் அதில் வராது. யார் பையையும் திறக்க வேண்டாம். இனிமேல் திறக்கவும் திறக்காதே.

பதிவாகியிருந்தால் பயந்துவிடாதே. இங்கே லியரின் ஞாபகம் எனக்கு வராமல் இருக்காது. லியர் இரண்டு மகள்களுக்கும் ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மாசம் ஒருத்தி வீட்டில் இருப்பேன், கூட நூறு வீரர்கள் வருவார்கள் என்று பேச்சாகச் சொன்னார். நம் ஊரில் கிழவன் கிழவிக்கு முறை வைத்துச் சோறு போடுகிறார்களே, அதேதான். சொத்து கைமாறியதும் நூறு ஐம்பதாகி, இருபத்தைந்தாகி, கடைசியில் ஒருவன்தான் எதற்கு என்று கேட்டார்கள். இந்தியாவில் 2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு லியருக்காகவே எழுதியது போல இருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். ஆனால் மனு கொடுக்கவேண்டியது தாத்தா. அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவர் கொடுக்கலாம், நீயோ உன் அப்பாவோ தாமாகக் கொடுக்க முடியாது. இங்கேயும் அவரைக் கேட்காமல் ஒன்றும் நகராது.

'தாங்க மாட்டார்' என்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வத்தலக்குண்டில் எங்கள் அப்பத்தா படுக்கையில் இருந்தபோது என் பெரியப்பா வெளியூரில் இறந்துபோனார். எல்லாரும் கூடிப் பேசி, கிழவியிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். நானும் அதில் ஒருத்தி. பெரியப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, போன் சரியில்லை என்று ஒரு மாசத்துக்கு மேல் பொய் சொன்னோம். கடைசியில் சொன்னபோது அப்பத்தா நாங்கள் பயந்தது போல மயங்கி விழவில்லை. 'எல்லாரும் அழுதீங்கள்ல, என்னை மட்டும் ஏன்டி அழவிடல?' என்று என்னைத்தான் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. சாகும்வரை அந்த விஷயத்தில் அவளுக்கு என்மேல் ஒரு வருத்தம் இருந்தது. பெரியப்பா செத்ததைத் தாங்கினாள், நாங்கள் ஒளித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு எட்கர்தான் வருவான். பின்னால் கிளாஸ்டரின் கண்களை எதிரிகள் பிடுங்கிவிடுகிறார்கள், அந்த அப்பாவை எட்கர் பிச்சைக்காரன் வேஷத்தில் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறான். குதித்துச் சாகவேண்டும் என்கிறவரைச் சமதரையில் நிறுத்தி இதுதான் மலை உச்சி என்கிறான், விழுந்தவரிடம் நீ அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தாய் என்கிறான். அன்பால் சொன்ன பொய், உயிரையும் காப்பாற்றிய பொய். ஆனாலும் நான்தான் உன் மகன் என்று கடைசி அரைமணி நேரம் வரைக்கும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, அதைத் தன் குற்றம் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். சொன்னதும் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக அழுத்த, கிழவரின் நெஞ்சு வெடித்துவிடுகிறது. அவ்வளவு தாமதமாகச் சொன்னதால்தானோ என்று எனக்கு இன்றுவரை தோன்றும். உன் கட்டுரையில் ஐந்தாம் அங்கத்தின் அந்தப் பேச்சு இல்லையென்றால் சேர்த்துவிடு.

ஆக, வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, அப்பா வடுகபட்டி மார்க்கெட்டுக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு போகிற ஒரு நாளாகப் பார்த்துக்கொள். தாத்தா பக்கத்தில் உட்கார். கையில் வேலை இருந்தால் பேச்சு சுலபமாக வரும், பூண்டு தாள் கிள்ளிக்கொண்டே கேள். 'சித்தப்பா பையில் ஒரு பேப்பர் பார்த்தேன் தாத்தா, எடுத்தது தப்புதான், உங்க கையெழுத்து இருந்துச்சு, அது என்ன?' இதற்குமேல் ஒரு வார்த்தையும் சேர்க்காதே. சித்தப்பா ஏமாற்றினார் என்று சொல்லாதே, உனக்கு அது தெரியாது. தெரிந்துதான் போட்டேன் என்று அவர் சொன்னால் விஷயம் அவருடையது, அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். தெரியாது என்று சொன்னால், அன்றைக்கே அப்பாவையும் சித்தப்பாவையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கிற உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. கேட்கச் சொல். அப்பா கோபக்காரர் என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூப்பிட்டுக்கொள்ளச் சொல். ஈடிபஸின் பெற்றோர் மாதிரி தாத்தாவும் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி' என்று உன்னை விரட்டிவிடலாம். அப்படியானால் இரண்டு நாள் விட்டு மறுபடி கேள்.

வில்லங்கச் சான்றை அவர் பக்கத்தில் வைத்துப் படித்துக் காட்டு. கொஞ்சம் சத்தமாகவே படி, தாத்தாவுக்குக் காது எப்படி என்று நீ எழுதவில்லை.