கிரீஸ் கோல்டன் விசாவுக்கு எந்தச் சட்ட நிறுவனத்தை நம்பிப் போவது?

கோல்டன் விசா என்பது கிரீஸில் சொத்து வாங்குகிறவருக்கு அந்த நாடு தரும் குடியிருப்பு பர்மிட். கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: திருப்பூரில் பனியன் கம்பெனி, காங்கேயம் பக்கம் பூமி விற்ற பணம் கையில் இருக்கிறது, கோவை ஓட்டலில் நடந்த கூட்டத்தில் வீடு காட்டியவர்கள் "வக்கீலையும் நாங்களே பார்த்துத் தர்றோங்க" என்றார்கள், அவரையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். உள்ளூரில் பத்து சென்ட் வாங்கினாலும், விற்கிறவருடைய வக்கீலிடம் போய் வில்லங்கம் பார்க்கச் சொல்வோமா? பில்டர் அனுப்பும் ஆட்களை வைத்துப் பிழைக்கும் வக்கீல், அந்த பில்டரின் கட்டடத்தில் குறை கண்டுபிடிக்க மாட்டார். அதனால் முதல் கேள்வி ஃபீஸ் எவ்வளவு என்பதல்ல. "இந்த விற்பனையில் எனக்கு வேறு யாரிடமிருந்தும் கமிஷன் கிடையாது, விற்பவருக்கு நான் வக்கீலாக இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள். உங்கள் ஃபைலை எடுத்துச் செய்யப்போகும் வக்கீலின் பெயரையும் வழக்கறிஞர் சங்கப் பதிவு எண்ணையும் வாங்கி, அவர் சேர்ந்திருக்கும் சங்கத்திலேயே சரிபாருங்கள். வாட்ஸ்அப்பில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவு ஆள்.

அடுத்து, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். விஷயம் தெரிந்தவர் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். ஐரோப்பிய யூனியனின் பணமோசடித் தடுப்பு விதிப்படி, சொத்து வாங்கித் தரும் வக்கீலும் அதைப் பார்த்தாக வேண்டும். நம் ஊர்ப் பணத்தில் சிக்குவது இங்கேதான். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் வாங்கியிருந்தால், அந்த மீதி இந்த வேலைக்கு ஆகாது. பத்திரத்தில் உள்ள தொகையும் பேங்க் கணக்கில் வந்த தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

முழுவதும் கணக்கில் வந்திருந்தாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. கிராமப்புற விவசாய பூமிக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வரியே கட்டாமல் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கிரேக்க பேங்க் கேட்கும். நகராட்சி எல்லையிலிருந்து பூமி எத்தனை கிலோமீட்டர், அந்த நகராட்சியின் மக்கள்தொகை எவ்வளவு என்று குறிப்பிட்டு (அதற்கேற்ப 2, 6 அல்லது 8 கி.மீ.க்கு அப்பால் இருந்தால்தான் கிராமப்புற பூமி), அடங்கல், பத்திர நகலோடு உங்கள் ஆடிட்டர் ஒரு சான்றிதழ் எழுத வேண்டும். இது வேண்டும் என்று தானாகவே சொல்லும் வக்கீல் இந்தியர்களுக்கு வேலை செய்து பழகியவர். "அதெல்லாம் பாத்துக்கலாங்க" என்கிறவர் பழகாதவர்.

பணம் அனுப்பும் விதியையும் அவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒரு நபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கம்பெனியோ பார்ட்னர்ஷிப்போ அதில் அனுப்ப முடியாது. பேங்க் கடன் வாங்கியும் அனுப்பக் கூடாது, ஆகவே கம்பெனியின் ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கை மறந்துவிடுங்கள். கிரீஸில் 2024 செப்டம்பரிலிருந்து ஏதென்ஸ் இருக்கும் அட்டிக்கா, தெசலோனிகி, மைக்கோனோஸ், சான்டோரினி, 3,100 பேருக்கு மேல் வாழும் தீவுகள் ஆகியவற்றில் குறைந்தபட்சம் 8 லட்சம் யூரோ, மற்ற இடங்களில் 4 லட்சம். அந்த 4 லட்சமே ஒருவர் வரம்பைத் தாண்டுகிறது. கணவன் மனைவி இருவரும் அனுப்பலாம், ஆனால் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மார்ச் பாதி, ஏப்ரல் பாதி என்று பிரிக்க வேண்டும், அதற்கேற்ற தேதிகள் விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அட்வான்ஸ் போய்விடும். டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே பேங்க் பிடிக்கும் வரி) தனி: ஒருவருக்கு 10 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால், இருவர் சேர்ந்து 4 கோடி அனுப்பும்போது 76 லட்சம் பிடித்துக்கொள்வார்கள். வருமான வரியில் கழித்தோ ரீஃபண்டாகவோ திரும்பும், ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும்.

அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே வீடு வாங்கி இரண்டு குடும்பத்துக்கும் விசா வாங்கலாம் என்ற பேச்சு இந்தப் பக்கம் ஓடுகிறது. நடக்காது. கணவன் மனைவியைத் தவிர மற்ற கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சத் தொகையை எட்ட வேண்டும்.

"2,50,000 யூரோவுக்கே முடித்துத் தருகிறோம்" என்ற விளம்பரமும் இருக்கும். பொய் இல்லை, ஆனால் அது வணிகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுவதற்கும், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பதற்கும் உள்ள விலை. உபயோக மாற்றம் முடிந்த பிறகுதான் விண்ணப்பமே போட முடியும். வேலை எந்த நிலையில் இருக்கிறது, முடியாவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டு எழுதி வாங்கித் தருவது உங்கள் வக்கீலின் வேலை. அந்த வீட்டை ஏர்பிஎன்பி போலத் தினவாடகைக்கு விட்டால் 50,000 யூரோ அபராதம், பர்மிட்டும் ரத்து. வாடகை வருமானக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

காகிதங்களில் தாமதம் ஆவது பெயரால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், பத்திரத்தில் இனிஷியல், பழைய பத்திரத்தில் பெயரோடு கவுண்டர் என்றும் இருக்கும். மண்டபத்தில் நடந்த கல்யாணம் பதிவாகாமலே இருக்கலாம். முதலில் பதிவு, அப்புறம் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு வைக்கும் அத்தாட்சி), அப்புறம் கிரேக்க மொழிபெயர்ப்பு.

ஃபீஸை மொத்தமாக முன்கூட்டித் தராதீர்கள். சொத்து ஆய்வு, பத்திரப்பதிவு, விண்ணப்பம், பர்மிட் என்று நான்கு கட்டமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 24 சதவீத வாட் அதில் சேர்ந்ததா, சொத்து மாற்ற வரி 3.09 சதவீதம், நோட்டரி, மொழிபெயர்ப்பு எல்லாம் தனியா என்று பட்டியல் வாங்குங்கள். சொத்து ஆய்வு அறிக்கையில் சட்டவிரோதக் கட்டுமானம் இல்லை என்ற இன்ஜினியர் சான்றும் இருக்க வேண்டும்.

கடைசியாக பவர் பத்திரம். சொத்து வாங்க, கிரீஸில் வரி எண் எடுக்க, விண்ணப்பிக்க மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கவும், உங்கள் பெயரில் பணம் பெறவும் என்ற வரிகள் வரைவில் இருந்தால் அடித்துவிட்டு, திருத்திய பிரதியில் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.