லாஸ்ட் சீன் 11.48: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

இரண்டு வருஷமாக உங்கள் கட்டுரைகளைப் படிக்கிறேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத விஷயம் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம் வராது. தினமும் ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். அங்கே வாட்ஸப் கால் போகாது, அதனால் போட்டிம் என்கிற செயலியில் வீடியோ கால். ஆரம்பத்தில் அந்த அரை மணி நேரத்துக்காகவே நாள் முழுக்கக் காத்திருப்பேன். இப்போது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", "அம்மா மாத்திரை போட்டாங்களா", "போட்டாங்க" என்று முடிந்துவிடுகிறது. அப்புறம் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்போம்.

போன மாதம் ஒருநாள், "ராத்திரி 11.48 வரைக்கும் ஆன்லைன்ல இருந்திருக்கே, யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தே?" என்று கேட்டார். புடவை விற்கிற குரூப்பில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. அன்றிலிருந்து நானும் வாட்ஸப்பில் அவருடைய லாஸ்ட் சீனை, அதாவது கடைசியாக ஆன்லைனில் இருந்த நேரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நடுராத்திரி முழிப்பு வந்தால் முதலில் கை அங்கேதான் போகிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"எங்க காலத்துல மாசம் ஒரு கடுதாசி, நிம்மதியா இருந்தோம், இந்த போன்தான் எல்லாத்தையும் கெடுக்குது" என்கிறார் மாமியார். நெட்டே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி, தஞ்சை மாவட்டம்

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்துக் கடுதாசிகளில் சிலவற்றை எழுதியவன் நான்.

1985 வாக்கில் எனக்குப் பதினொரு வயது. அடுத்த வீட்டு மாமா மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தார். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் என் பொறுப்பு. திண்ணையில் சம்மணமிட்டு, பரீட்சை அட்டையை மடியில் வைத்து, அதன்மேல் ஏரோகிராம் தாளை விரிப்பேன். மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிவிடும். எழுத இருக்கும் இடம் கொஞ்சம்தான். ஒரு பக்கம் அத்தையின் மாமியார், இன்னொரு பக்கம் நாத்தனார். "இங்கு அனைவரும் நலம், அங்கு தங்கள் நலமறிய ஆவல்" என்று நானே ஆரம்பித்துவிடுவேன். அதன்பிறகு மாமியார் சொல்லச் சொல்ல எழுதுவேன். பசு கன்று போட்டது, வரப்புத் தகராறு, மழைக்கு முன்னால் கூரை மாற்றப் பணம் வேண்டும் என்பது. கடைசி மடிப்பில் இரண்டு வரிக்கு இடம் மிஞ்சும். "நீ என்னடி சொல்லணும்?" என்பார் மாமியார். அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நிற்பார். "உடம்பைப் பார்த்துக்கச் சொல்லு, வேற ஒண்ணுமில்லை."

ஒருமுறை எல்லாரும் உள்ளே போன பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னொண்ணு எழுதணும்டா" என்றார். பேனா மூடியைக் கழற்றினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வேண்டாம் விடு. நீ சின்னப் பையன்" என்று எழுந்து போய்விட்டார். என்ன எழுத நினைத்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்புறம் கேசட் வந்தது. ஊருக்கு வருகிறவர் கையில் மாமா தன் குரலைப் பதிந்து கொடுத்தனுப்புவார். கூடத்தில் டேப்ரெக்கார்டரை நடுவில் வைத்துச் சுற்றி உட்காருவோம். மாமா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரிப்பார். அம்மா, தங்கை, பங்காளிகள், நான், கொல்லைத் தென்னைகூட. எல்லாம் முடிந்து கடைசியில், "அவளையும் கேட்டதாச் சொல்லுங்க" என்பார். அவ்வளவுதான். மறுநாள் மாமியார் வயலுக்குப் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டனுப்புவார். பட்டனை அழுத்தப் பயம் அவருக்கு. அந்த ஒரு வரிக்குக் கேசட்டைப் பின்னால் ஓட்டி நிறுத்திக் கொடுப்பேன். கேட்பார். "இன்னொரு தடவை" என்பார். ஏழெட்டு முறை ஓட்டியிருக்கிறேன்.

உங்கள் மாமியார் நிம்மதியாக இருந்தேன் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய கடிதங்களை யார் எழுதினார்கள், வந்ததை யார் உரக்கப் படித்தார்கள், அவருக்கென்று அதில் எத்தனை வரி இருந்தது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அவர் வேறொரு கதையும் வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கடிதத்துக்குப் பிறகு பி.பி. நம்பர் (அடுத்தவர் போனில் நம்மைக் கூப்பிடச் சொல்லும் நம்பர்), எஸ்.டி.டி. பூத் என்று வந்தபோதும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. மளிகைக் கடைக்கு போன் வரும், ஓடிப்போய் எடுத்தால் கடைக்காரர் காது இங்கேதான் இருக்கும். பூத்துக்குள் போனாலோ தலைக்குமேல் கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்ததும், அதே வருஷம் நவம்பரில் வாட்ஸப்பில் வீடியோ கால் வந்ததும்தான் நம் ஊர்களில் பெரிய மாற்றம். நீங்கள் புழங்கும் செயலி வேறாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் புருஷனோடு, நடுவில் எழுதிக்கொடுக்க ஒரு பையன் இல்லாமல், மாமியார் காதில் விழாமல் பேச ஒரு பெண்ணுக்கு வழி கிடைத்தது இந்தத் தலைமுறையில்தான். என் அத்தைக்கு இருபது வருஷம் கிடைக்காதது அது. அதை நீங்கள் கைவிடக் கூடாது. நெட்டை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டவே வேண்டாம் என்பதுதான்.

சரி, 11.48க்கு வருவோம்.

அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அந்த நேரம்வரை உங்கள் போனில் வாட்ஸப் திறந்து இருந்தது, நெட் இருந்தது. யாரோடு பேசினீர்கள், பேசினீர்களா, புடவை பார்த்தீர்களா, தூக்கம் வராமல் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தீர்களா, எதுவும் அதில் இல்லை. மற்ற குறிகளும் இப்படித்தான். ஒற்றை டிக் என்றால் செய்தி இன்னும் அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் சில்லர் அறையில் சிக்னல் இல்லாமல் நிற்கலாம், போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். இரட்டை டிக் என்றால் போனுக்குப் போய்விட்டது. நீலமானால் அந்த போனில் யாரோ திறந்திருக்கிறார்கள். நேரம் மட்டும் நமக்குத் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. காரணத்தை நாமே போட்டு நிரப்புகிறோம், அதுவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தனியாகப் படுத்துக்கொண்டு. அந்த நேரத்தில் மனசுக்கு நல்ல காரணம் எதுவும் தோன்றாது.

கடிதக் காலத்தில் பதில் வர ஒரு மாதம் ஆனால் தபால் தாமதம் என்று நினைப்போம், வேலை அதிகம் என்று நினைப்போம். தெரியாது என்பதால் நல்லதையே நினைக்க முடிந்தது. உங்கள் மாமியார் சொல்லும் நிம்மதி இதுவாக இருக்கலாம். அதில் உண்மை இருக்கிறது.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷ நண்பர் ஒருவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அதற்கும் நீலம், பதில் இல்லை. முன்பு எங்களுக்குள் வந்த ஒரு சின்ன மனஸ்தாபத்தை வைத்து, வேண்டுமென்றே ஒதுக்குகிறார் என்று முடிவு செய்து நானும் நிறுத்திவிட்டேன். ஒன்பது நாள் கழித்து வேறொருவர் மூலம் தெரிந்தது, பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். செய்திகளைத் திறந்து பார்த்தது அவர் மகள். பதில் எழுத அந்தப் பிள்ளைக்கு அப்போது எங்கே நேரம்? நான் போய் நின்றபோது அவருக்கு வாய் குழறியது. என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றார், எனக்குப் புரியவில்லை. ஒரு போன் செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அந்த நீல டிக் வந்தது 2014 நவம்பரில். மக்கள் எரிச்சலடைந்து, கொஞ்ச நாளிலேயே அதை அணைக்கும் வசதியும் வந்துவிட்டது. லாஸ்ட் சீனையும் அணைக்கலாம். நாம் மறைத்தால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது. அது ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றுகிறது. 2022 முதல் 'ஆன்லைன்' என்று காட்டுவதைக்கூட மறைக்க முடிகிறது. நீங்கள் இருவரும் இந்த மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஆனால் ஒரு விஷயம், சொல்லாமல் செய்யாதீர்கள். நீங்கள் மட்டும் திடீரென்று அணைத்தால் அதுவே அடுத்த சந்தேகமாகிவிடும். பேசி, ஒரே நாளில், இருவரும் சேர்ந்து செய்யுங்கள். "நானும் உங்க நேரத்தைப் பார்க்கிறேன், பார்த்துப் பார்த்துத் தூக்கம் போச்சு" என்று உங்கள் பக்கத்தை முதலில் ஒப்புக்கொண்டு ஆரம்பித்தால் அவரும் மனசைத் திறப்பார்.

அடுத்தது, பேச ஒன்றுமில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு உண்மையில் கவலை தருகிறது. பேச்சு இருந்திருந்தால் 11.48 அவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று யோசித்தீர்களா? இங்கே ஒன்பதரை என்றால் அங்கே எட்டு மணி. வேலை முடிந்து, குளிக்க வரிசையில் நின்று, சமைத்துச் சாப்பிட்டு, ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் ஆறு பேர் எட்டு பேர் இருக்கும் நேரம். எல்லோரும் அதே நேரத்தில் தங்கள் வீட்டுக்குப் பேசுகிறார்கள். காதில் இயர்போன் இருந்தாலும் வாயிலிருந்து வருவது எல்லோருக்கும் கேட்கும். அங்கே ஒருவன் மனைவியிடம் "சாப்பிட்டியா" என்பதைத் தவிர எதைக் கேட்பான்? அந்த ஒரு வார்த்தைக்குள் அவர் என்னென்னவோ வைத்துக் கேட்கிறார் என்று நினைக்கிறேன். உங்கள் பக்கமும் அப்படித்தான், அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார். என் அத்தை வீட்டுத் திண்ணையை இருவர் பக்கமும் போட்டு வைத்தது மாதிரி இருக்கிறது.

அதனால் தினமும் வீடியோ வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் குரல் செய்தி அனுப்புங்கள். கேமரா முன்னால் முகத்தைப் பார்த்துக்கொண்டு உடனே ஏதாவது பேசியாக வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியதை அங்கேயே சொல்லலாம். மழை பெய்த சத்தத்தை அனுப்பலாம். அவர் நேரம் கிடைக்கும்போது தனியாக, காதில் மட்டும் கேட்பார். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அவர் வேலை வெளியிலும் மொட்டை மாடிகளிலும் இருந்தால் அந்த இரண்டரை மணி நேரம் அவருக்குச் சொந்தம். அப்போது அவரிடமிருந்தும் ஒன்று வரட்டும். இன்று எந்தக் கட்டடம், யாரோடு வேலை, மேலிருந்து பார்த்தால் என்ன தெரிந்தது என்று. ஐந்து மாதம்தான் சேர்ந்து இருந்திருக்கிறீர்கள். நீங்கள் இருவரும் இன்னும் ஒருவருக்கொருவர் சொல்லாதது எவ்வளவோ இருக்கும்.

திரும்பக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிற செய்திகளை மட்டும் அழிக்காமல் வையுங்கள். அவரையும் வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலின் லிங்க்கை அவருக்கு அனுப்பாதீர்கள். படித்தால் யாரோ ஓர் ஆள் அவரைத் திருத்துவது போல இருக்கும், ஊருக்கே தெரிந்துவிட்டது போலவும் இருக்கும். இதில் சரியென்று பட்டதை நீங்களே சொல்லுங்கள், உங்கள் குரலில். முதல் முறை எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அந்தப் புடவைப் படங்களில் எது பிடித்தது, ஏன் வாங்காமல் விட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்.