குருத்து கையோடு வந்துவிட்டது, மரம் பிழைக்குமா?

கேள்வி: ஐயா, குளிர் அதிகமான பகுதியில் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு பனைகள் வளர்க்கிறேன். ஒன்று டிராக்கிகார்பஸ் விசிறிப் பனை. நிலத்தில் நட்டு ஆறு வருடமாகிறது. இன்னொன்று கேனரித் தீவு ஈச்சை. இரண்டு வருடம் தொட்டியில் இருந்ததைப் போன இலையுதிர் காலத்தில்தான் நிலத்துக்கு மாற்றினேன். கோடையிலேயே அதன் அடிமட்டைகள் நுனி காய்ந்து பார்க்க நன்றாக இல்லை. அதனால் நடும்போது, விற்பவர் சொன்னபடி, ஏழெட்டு மட்டைகளை வெட்டிவிட்டேன். போன மாதம் இரண்டு இரவுகள் மைனஸ் 7 டிகிரி வரை போனது. பாலித்தீன் தாளால் சுற்றிக் கட்டி, மூன்று வாரம் அப்படியே விட்டிருந்தேன். பிரித்துப் பார்த்தால் ஈச்சையின் மட்டையெல்லாம் பழுப்பு. நடுக்குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, ஒரே நாற்றம். கருகியதை எல்லாம் வெட்டிவிட்டு, பனி எதிர்ப்பு மருந்து அடித்து, யூரியா வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். எந்த மருந்து அடித்தால் பிழைக்கும்? அடுத்த குளிருக்கு எதைக் கொண்டு மூடுவது?

பதில்: முதலில் அரிவாளைக் கீழே வையுங்கள். யூரியா வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குருத்து வந்துவிட்டதால் மரம் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். பனைக்குப் புது மட்டை பிறக்கும் வளர்முனை ஒன்றே ஒன்றுதான். அது நீங்கள் உருவிய குருத்துக்கும் கீழே, தண்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. குருத்தின் அடிப்பகுதி வெள்ளையாக, இளசாக இருக்கும். குளிர் முதலில் கொல்வது அதைத்தான். செத்த இடத்தில் பூஞ்சணமும் பாக்டீரியாவும் குடியேறும். அதனால்தான் அந்த நாற்றம். இந்த அழுகல் கீழே இறங்கி வளர்முனையைத் தொடுவதற்குள் நிறுத்த வேண்டும். தொட்டுவிட்டால் எந்த மருந்தாலும் மரம் திரும்பாது.

குருத்து இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் நின்றால் துணித் திரியை விட்டு ஒற்றி எடுங்கள். கொழகொழவென்று கையில் வருவதை மட்டும் வழித்துவிடுங்கள். கெட்டியாக இருப்பதை நோண்டக் கூடாது. அப்புறம் 50 சதவீத காப்பர் ஆக்ஸிகுளோரைடு தூளை லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, குழியும் சுற்றியுள்ள மட்டை இடுக்குகளும் நன்றாக நனைய ஊற்றுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். அப்போது தாமிரம் இல்லாத வேறொரு பூஞ்சணக்கொல்லியாக இருந்தால் நல்லது. தாமிரம் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் இளங்குருத்தையே சுட்டுவிடும். ஊட்டச்சத்து என்று விற்கும் தாமிரக் கரைசல் இதற்கு உதவாது. மழைத் தண்ணீர் உச்சியில் மட்டைகள் கூடும் கொண்டைக்குள் விழாதபடி நாலு கம்பு நட்டு மேலே ஒரு கூரை போடுங்கள். பக்கம் திறந்தே இருக்கட்டும்.

மருந்துக் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி வேறு. "கோடையிலேயே அடிமட்டைகள் நுனி காய்ந்து" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, இந்த மரம் ஏன் குளிருக்குள் பட்டினியாகப் போனது என்பது.

அடிமட்டையின் நுனி காய்வது பெரும்பாலும் சாம்பல்சத்துக் குறையின், அதாவது பொட்டாஷ் குறையின் அடையாளம். அடுத்த கோடையில் ஒரு பழைய மட்டையின் ஓலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பல பனைகளில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சின்னப் புள்ளிகள் ஒளி ஊடுருவித் தெரியும். ஈச்சை வகைகளில் ஓலை நுனி நைந்து, தொட்டால் நொறுங்கும். மண்ணில் சாம்பல்சத்து போதாதபோது பனை தன் பழைய மட்டைகளிலிருந்து அதை உருவி, புதுக் குருத்துக்கு அனுப்புகிறது. பழைய மட்டைதான் அதற்குக் குதிர். பாதி மஞ்சளாக, நுனி காய்ந்து, அவலட்சணமாகத் தொங்கும் மட்டையில் இன்னும் சத்து இருக்கிறது. மரம் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் வெட்டினால் மரம் அடுத்த அடுக்கு மட்டையில் கைவைக்கிறது. அதையும் வெட்டினால் அதற்கு மேல் அடுக்கு. இப்படி மேலே மேலே வந்து கடைசியில் குருத்தே சிறுத்துப்போகும். சாம்பல்சத்து குறைந்த பனைக்குக் குளிரைத் தாங்கும் சக்தியும் குறைவு.

நீங்கள் வெட்டிய ஏழெட்டு மட்டையும் அந்தக் குதிர். அதோடு ஒரு போர்வையும் போய்விட்டது. வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் திறந்தவெளியில் இருக்கும் எதுவும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். சுற்றிலும் மட்டை அடர்ந்திருந்தால் நடுக்குருத்துக்கு அந்த இழப்பு குறையும். அழகுக்காகக் கொண்டையை அன்னாசிப்பழம் போலச் செதுக்கி, நிமிர்ந்த நாலைந்து மட்டையை மட்டும் விட்டுவைக்கும் வழக்கத்தை நான் எங்கே பார்த்தாலும் எதிர்க்கிறேன். குளிர்ப் பகுதியில் அப்படிச் செய்வது மரத்துக்குக் குழி தோண்டுவதுதான். முழுக்கக் காய்ந்து சருகாகித் தொங்குவதை மட்டும் எடுங்கள். கொஞ்சம் பச்சை இருந்தாலும் அது மரத்தின் சொத்து.

இப்போது கருகியிருக்கும் மட்டைக்கும் இதே பேச்சுதான். உறைபனிக் காலம் முழுசாகப் போகும்வரை ஒன்றையும் தொடாதீர்கள். ஓலை பழுப்பானாலும் காம்பில் பச்சை இருந்தால் அது வேலை செய்கிறது. செத்த மட்டைகூடக் குருத்துக்கு ஒரு மறைப்பு. வெட்டச் சொன்னவர் உங்களுக்கு அடுத்த கன்றை விற்கக் காத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. பனி எதிர்ப்பு மருந்து என்று இலைமேல் படலம் போடும் திரவத்தை விற்கிறார்களே, அதை நம்பி ஒரு இரவைக்கூட விடாதீர்கள். அந்தப் படலத்தில் சூடு கிடையாது. யூரியாவோ இப்போது விஷம் மாதிரி. குளிர்ந்த மண்ணில் வேர் எதையும் இழுக்காது. இழுத்தாலும் இளசான தழைதான் வரும், அடுத்த பனிக்கு அதுதான் முதல் பலி.

உரம் மண் சூடேறிய பிறகு. தழைச்சத்து 8, மணிச்சத்து 2, சாம்பல்சத்து 12, மக்னீசியம் 4 என்ற விகிதத்தைப் புளோரிடா பல்கலைக்கழகத்தினர் தங்கள் மணற்பாங்கான மண்ணில் வளரும் பனைகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் மண் எதுவானாலும் தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்து தூக்கலாக இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் உரமாக வாங்குங்கள். உடனே கரைவது மழையோடு போய்விடும். மக்னீசியம் சேர்க்காமல் பொட்டாஷை மட்டும் கொட்டினால் மக்னீசியக் குறை வந்து நிற்கும்.

நட்ட நேரமும் தப்பு. பனை வேர் சூடான மண்ணில்தான் ஓடும். வசந்தம் முடியும்போது நட்டிருந்தால் ஒரு கோடை முழுக்க வேர் பிடித்திருக்கும். இலையுதிர் காலத்தில் நட்டது, தொட்டியில் இருந்த வேர்க்கட்டியோடு அப்படியே குளிருக்குள் போயிருக்கிறது. குளிருக்கு முன் கையிருப்பைத் தள்ளிவிட நினைப்பவர் இதைச் சொல்ல மாட்டார். "மைனஸ் 10 வரை தாங்கும்" என்று அட்டையில் எழுதுவதும் நன்றாக வேர்விட்ட, பெரிய மரத்துக்கு, காய்ந்த குளிரில், கொஞ்ச நேரத்துக்குத்தான். கேனரி ஈச்சைக்கு மைனஸ் 5, 6 டிகிரியிலேயே ஓலை கருகத் தொடங்கும். மைனஸ் 8-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. உங்கள் டிராக்கிகார்பஸ் வேர் பிடித்தபின் மைனஸ் 12 வரைகூடச் சமாளிக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்த குளிருக்குப் பாலித்தீன் வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் வியர்த்துக் குருத்தில் சொட்டும்; பகலில் வெயில் பட்டால் உள்ளே வேகும். உங்கள் குருத்து அழுகியதில் பனிக்கு எவ்வளவு பங்கோ, அந்த மூன்று வார வியர்வைக்கும் அவ்வளவு பங்கு. சணல் சாக்கோ, தோட்டத்துக்கென்று வரும் மெல்லிய நெய்யாத வெள்ளைத் துணியோ போதும். மட்டைகளைக் குருத்தோடு சேர்த்து மேல்நோக்கித் தளர்வாகக் கட்டி, துணியைத் தரைவரை இறக்கிக் கல் வையுங்கள். பலர் துணியைத் தண்டோடு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைக்கத்தானே மூடுகிறோம், அதைத் தண்டில் கட்டினால் சூடு எப்படி உள்ளே போகும்? மண் காய்ந்திருந்தால் முந்தின நாள் தண்ணீர் விடுங்கள். ஈர மண் சூட்டை அதிகம் பிடித்து வைக்கும். வேரின் மேல் 10 சென்டிமீட்டர் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டாமல். கடுங்குளிர் இரவில் உள்ளே ஒரு சீரியல் பல்பு சரம் சுற்றலாம். பழைய குண்டு பல்பு வகையாக, வெளியில் போட ஏற்றதாக இருக்க வேண்டும். எல்இடி சரத்தில் சொல்லும்படி சூடு இல்லை. குளிர் விலகிய பகலில் துணியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

இனி காத்திருக்க வேண்டும். மிஞ்சியிருப்பதில் நடுவில் இருக்கும் இளைய மட்டையின் காம்பிலும், பக்கத்து மட்டையின் காம்பிலும் ஒரே நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வெயில் ஏறிய பிறகு வாரம் ஒரு முறை பாருங்கள். இளைய மட்டையின் கோடு மேலே ஏறியிருந்தால் வளர்முனை உயிரோடு இருக்கிறது. வரும் முதல் ஒன்றிரண்டு ஓலை குட்டையாக, பாதி கருகி, கோணலாக இருக்கலாம். பனி அடித்தபோது உள்ளே உருவாகிக்கொண்டிருந்த ஓலை அது. அதையும் வெட்ட வேண்டாம். அடுத்தடுத்து வருவதும் சுருண்டு தீய்ந்தது போலவே இருந்தால் மாங்கனீசுக் குறையாக இருக்கலாம், மாங்கனீசு சல்பேட் கொடுத்துப் பாருங்கள். கோடை முடியும்வரை கோடு நகராமல், கொண்டையின் அடியில் அழுத்தினால் தண்டு மெத்தென்று உள்ளே போனால், அப்போது தோண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு டிராக்கிகார்பஸ் கன்றை அடுத்து வரும் வசந்தக் கடைசியில் நடுங்கள்.