மாட்டு உண்ணி கடிச்சா மனுசனுக்கும் காய்ச்சல் வருமா?

பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் காட்டுல மாடு மேய்க்கிறவங்களுக்கு இந்த பயம் நியாயமானதுதான். வரலாம், ஆனா எல்லா உண்ணியும் அப்படி இல்ல. மாட்டு மடிகிட்ட, காதுக்குள்ள ஆமணக்கு கொட்டை மாதிரி உப்பி தொங்குறது ரத்தம் குடிச்ச பெட்டை உண்ணி, கீழ விழுந்து ஆயிரக்கணக்குல முட்டை வெக்கும், அது பெரும்பாலும் மாட்டுக்குத்தான் எமன். இந்த உண்ணி பரப்புற பபீசியாங்கிற ரத்த நோய் மாட்டுக்கு வந்தா மூத்திரம் காப்பி கலர்ல போகும், உடனே வெட்னரி டாக்டர கூப்டுங்க.

மனுசனுக்கு ஆபத்து சில காட்டு உண்ணிங்கதான். கர்நாடகால ஷிமோகா பக்கம் 1957-ல கண்டுபுடிச்ச குரங்கு காய்ச்சல் அப்படித்தான் பரவுது, அதனால காட்டுல குரங்கு செத்துக் கெடந்தா தொடாம வனத்துறைக்கு சொல்லிடுங்க.

தமிழ்நாட்டுல அதிகமா பாக்குற ஸ்க்ரப் டைபஸ்ங்கிற காய்ச்சல் மாட்டு உண்ணியால வர்றதில்ல, புதர்ல இருக்குற கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு பூச்சியோட குஞ்சு கடிச்சு வருது. காய்ச்சலோட அக்குள்லயோ தொடை இடுக்குலயோ சிகரெட் சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா காட்டுங்க, சீக்கிரம் போனா டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் மருந்துலயே சரியாகிடும்.

உண்ணி ஒட்டியிருந்தா மண்ணெண்ணெய் ஊத்துறது, நெருப்பு வெக்கிறது, நசுக்குறது எதுவும் வேணாம், தோலை ஒட்டி இடுக்கியால புடிச்சு திருகாம நேரா இழுத்துட்டு சோப்பு போட்டு கழுவுங்க.