மொபைல் வீடியோவில் கோல் தெரிகிறது, ரிசல்ட் மாறுமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்கள் ஊர் உவரிப் பக்கம். மாதா கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த ஃபுட்பால் டோர்னமென்ட் ஃபைனலில் 1–0 என்று தோற்றோம். கடைசி நேரத்தில் எங்கள் பையன் அடித்த பந்து கிராஸ்பாரில் பட்டு, கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே தெறித்தது. ரெஃப்ரி கோல் தரவில்லை. மொபைலில் எடுத்த வீடியோவில் பந்து உள்ளே விழுவது தெரிகிறது. கமிட்டியில் காட்டினால் ரிசல்ட்டை மாற்றுவார்களா? சங்கத்தில் ஆள் தெரியும் என்று ஒருவர் வந்தார். 15 ஆயிரம் கொடுத்தால் ரீமேட்ச் வாங்கித் தருவாராம். அடுத்த வருஷம் ‘வார்’ (VAR, வீடியோ பார்த்து ரெஃப்ரிக்கு உதவும் முறை) செட்டப்பும் அவரே கொண்டு வருவாராம். நம்பலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த ஆளிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ரிசல்ட் மாறாது. பந்து உண்மையிலேயே உள்ளே விழுந்திருந்தாலும் மாறாது. கோல் விழுந்ததா இல்லையா, ஃபவுலா இல்லையா என்று ஆட்டத்தில் நடந்ததைப் பற்றி ரெஃப்ரி எடுக்கும் முடிவே இறுதி. ஆட்ட விதிகளில் ஐந்தாவது விதி இதை நேராகவே சொல்கிறது. தன் முடிவு தப்பு என்று அவருக்கே தெரிந்தாலும், லைன்ஸ்மேன் வந்து சொன்னாலும், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் மாற்றினால்தான் உண்டு. பந்தை அடுத்து எடுத்து வைத்து ஆடத் தொடங்கிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். உங்கள் ஃபைனலில் விசில் ஊதி, கப்பும் கொடுத்து, பந்தலையும் பிரித்தாகிவிட்டது.

உங்களுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை இது. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியா கத்தாரோடு ஆடிய உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முழுதாகக் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார்காரர்கள் கோல் போட்டார்கள், ரெஃப்ரியும் கோல் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் வார் கிடையாது. நாம் 2–1 என்று தோற்று வெளியேறினோம். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே விசாரணை கேட்டு எழுதியும் ரிசல்ட் அசையவில்லை. ஒரு நாட்டுக்கே கிடைக்காத ரீமேட்சை 15 ஆயிரத்துக்கு ஒருவர் வாங்கித் தருகிறேன் என்றால் அவர் எதை விற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, உங்கள் வீடியோவுக்கு வருகிறேன். மொபைல் சாதாரணமாக ஒரு நொடிக்கு 30 படம் எடுக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 90 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே 22 சென்டிமீட்டர்தான். பந்து தரையைத் தொட்ட அந்த நொடி உங்கள் வீடியோவில் பதிவாகாமலே போயிருக்கலாம். அதோடு, முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல். கோட்டுக்கு நேரே நின்று எடுக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால், கோட்டின் மேல் இருக்கும் பந்தும் உள்ளே இருப்பது போலத்தான் தெரியும். 2022 உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினுக்கு எதிராகப் போட்ட இரண்டாவது கோல் நினைவிருக்கிறதா? டிவியில் பார்த்தவர்களில் பாதிப் பேர் பந்து வெளியே போய்விட்டது என்று சத்தியம் செய்தார்கள். மேலிருந்து எடுத்த படம் வந்த பிறகுதான் பந்தின் ஓரம் நூலளவு கோட்டின் மேல் நின்றது தெரிந்தது. 2014 உலகக் கோப்பையில் கோல் கோட்டைப் பார்க்க மட்டும் ஒரு மைதானத்துக்கு 14 கேமரா வைத்தார்கள். ஒரு மொபைலை வைத்து அந்த வேலையைச் செய்ய முடியாது, தம்பி.

இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் மைதானத்தில் கோடு கடைசி வரை இருந்ததா? நம் கடற்கரை ஊர்களில் மணலில் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கோடு கிழிக்கிறார்கள். இரண்டாவது பாதி தொடங்கும்போதே கோல்கீப்பர் காலடியில் அது காணாமல் போயிருக்கும். சில இடங்களில் கோடு ஒரு பக்கம், போஸ்ட் ஒரு பக்கம் என்று நிற்கிறது. வலையில் கை நுழையும் ஓட்டை இருக்கும். இதையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே பார்த்துச் சரி செய்யச் சொல்வது ரெஃப்ரியின் வேலை, செய்து கொடுப்பது கமிட்டியின் வேலை. லைட்டுக்கும் மேடைக்கும் ஸ்பீக்கருக்கும் செலவு செய்பவர்கள் ஒரு மூட்டை சுண்ணாம்புக்கும் இரண்டு வலைக்கும் கணக்குப் பார்ப்பது எனக்கு ஆறவே இல்லை.

புரொடெஸ்ட் கொடுத்து எதையுமே மாற்ற முடியாதா என்றால், ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஆள் இதைச் சொல்லித்தான் உங்களை மயக்குவார். ரெஃப்ரி கண்ணால் பார்த்ததில் தப்புவது வேறு, விதியையே தப்பாகப் போடுவது வேறு. 2005 செப்டம்பரில் தாஷ்கண்டில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் உலகக் கோப்பைத் தகுதிக்காக ஆடின. உஸ்பெகிஸ்தான் 1–0 என்று முன்னணியில் இருக்கும்போது அவர்களுக்கு ஒரு பெனால்டி. அடித்தார்கள், கோல். ஆனால் அடிப்பதற்கு முன்பே அவர்கள் ஆள் ஒருவர் பெட்டிக்குள் ஓடி வந்துவிட்டார். அன்றைய விதிப்படி, அப்படி நடந்து பந்து கோலுக்குள் போனால் பெனால்டியைத் திரும்ப அடிக்க வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ரெஃப்ரி அதைச் செய்யாமல் பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். அவர் பார்த்தது சரி, போட்ட விதிதான் தப்பு. ஆட்டம் 1–0 என்று முடிந்தது.

புரொடெஸ்ட் கொடுத்தது யார் தெரியுமா? ஜெயித்த உஸ்பெகிஸ்தான். எங்களுக்கு 3–0 என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஃபிஃபா விதி தப்பாகப் போடப்பட்டதை ஒப்புக்கொண்டு, அந்த ஆட்டத்தையே ரத்து செய்து, மறுபடி ஆடச் சொல்லிவிட்டது. அக்டோபரில் மறுபடி ஆடியபோது 1–1. அடுத்து பஹ்ரைனில் 0–0. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்தால் சமம் என்பதால், வெளியூரில் போட்ட கோல் கணக்கில் பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குப் போனது. கையில் இருந்த வெற்றியையும் புரொடெஸ்ட் கொடுத்தே இழந்தார்கள். ரீமேட்ச் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உங்கள் கேஸ் அந்த வகையும் இல்லை. உங்கள் ரெஃப்ரி விதியை மாற்றிப் போடவில்லை, பந்து உள்ளே போனதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

புரோக்கர்களைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். பாளையங்கோட்டையிலிருந்து கூடங்குளம் வரை ஒவ்வொரு சீசனிலும் யாராவது இவர்களிடம் ஏமாந்துவிட்டு வந்து என்னிடம் புலம்புகிறார்கள். எந்த முறையான போட்டியிலும் புரொடெஸ்ட் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது விதித் தாளில் எழுதியிருக்கும். கமிட்டியோ சங்கமோ ரசீது போட்டு வாங்கும். தனி ஆள் கையில், ரசீது இல்லாமல், ‘மேலே கொடுக்கணும்’ என்று வாங்கும் பணம் மேலேயும் போகாது, திரும்பியும் வராது. இவர்களில் சிலர் ரெஃப்ரிகளையும் மொத்தமாகக் கொண்டு வருவார்கள். கமிட்டியிடம் ஒரு தொகை பேசி வாங்கிக்கொண்டு, வெயிலில் ஓடுகிற பையனுக்கு அதில் கொஞ்சத்தைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பையன் ரெஃப்ரி தேர்வு எழுதியவனா, அதற்கான அடையாள அட்டை இருக்கிறதா என்று கமிட்டி கேட்பதில்லை. ஃபைனலில் அவன் தப்பு செய்தால் ஊரே அவனை அடிக்கப் போகிறது. பணம் வாங்கிய ஆள் அந்த நேரம் மைதானத்திலேயே இருக்க மாட்டார். சான்றிதழிலும் கவனமாக இருங்கள். எங்கள் டோர்னமென்ட்டில் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆகும் என்று காசு வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுப்பார்கள். அங்கீகாரம் இல்லாத போட்டியின் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்ட பிறகு நம்புங்கள்.

அடுத்து அவர் சொல்லும் ‘வார்’ செட்டப். இரண்டு கேமராவும் ஒரு டிவியும் வைத்துவிட்டால் அது வார் ஆகிவிடாது. அதற்குத் தனியாகப் பயிற்சி பெற்ற வீடியோ நடுவர் வேண்டும், படத்தைத் திருப்பிப் போடத் தெரிந்த ஆள் வேண்டும், ரெஃப்ரி காதில் பேச வழி வேண்டும், ஃபிஃபாவின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். கோச் கேட்டால் ரெஃப்ரியே போய் டிவியில் பார்க்கும் சிறிய முறை ஒன்றையும் இப்போது சோதித்து வருகிறார்கள். அதைப் பெயர் சொல்லி விற்க வந்தாலும் நம்பாதீர்கள், அதையும் நினைத்த இடத்தில் வைத்துவிட முடியாது. நம் நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லிலேயே வார் இல்லாமல்தான் வருஷக்கணக்கில் ஆடினார்கள். செலவு கட்டுப்படியாகாது என்று காரணம் சொல்கிறார்கள். கோடிக்கணக்கில் ஆள் வாங்குகிறவர்கள் ரெஃப்ரிக்கு உதவ மட்டும் காசு இல்லை என்கிறார்கள். இதை இன்னும் எத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருப்பது?

வார் வந்தால் சண்டை ஓய்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2023 செப்டம்பர் 30 அன்று லிவர்பூல் வீரர் லூயிஸ் டியாஸ் டாட்டன்ஹாமுக்கு எதிராகப் போட்ட கோலை மைதானத்தில் ஆஃப்சைடு என்றார்கள். வீடியோ அறையில் இருந்தவர் ஆஃப்சைடு இல்லை என்று சரியாகத்தான் பார்த்தார். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு, சரி பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிய பிறகே தப்பு புரிந்தது. அதற்கு மேல் திரும்ப வழியில்லை. ரெஃப்ரிகளின் அமைப்பு தப்பை ஒப்புக்கொண்டது, ரிசல்ட் 2–1 என்றே நின்றது. இத்தனை கருவி வைத்த இடத்திலேயே இப்படி என்றால், திருவிழாக் கூட்டம் டிவியைச் சுற்றி நின்று கத்தும் இடத்தில் என்ன நடக்கும்? ரெஃப்ரி படத்தைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைத்தான் பார்ப்பார்.

உங்கள் கடிதத்தில் எழுதவில்லை என்றாலும், பையன்கள் மனதில் ஒன்று ஓடும் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை இப்படி நடந்தால் மைதானத்தை விட்டு வெளியேறிவிடலாம் என்று. வேண்டாம். 2023 மார்ச்சில் பெங்களூருவில் எதிரணி தயாராவதற்குள் சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை ரெஃப்ரி கோல் என்றதும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி வெளியேறியது. ஆட்டமும் போனது, ரீமேட்ச் கேட்ட மனுவும் தள்ளுபடியானது, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விழுந்தது. கேப்டன் ஒருவர் மட்டும் ரெஃப்ரியிடம் போகட்டும். ஆட்டம் நின்றதும், மறுபடி தொடங்குவதற்குள், லைன்ஸ்மேனிடம் ஒரு தடவை கேளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லட்டும். பத்துப் பேர் போய்ச் சூழ்ந்தால் மாற்ற நினைத்த ரெஃப்ரியும் மாற்ற மாட்டார்.

அடுத்த வருஷ நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பே கமிட்டியைப் போய்ப் பாருங்கள். புரொடெஸ்ட் எதற்குக் கொடுக்கலாம், எத்தனை மணி நேரத்துக்குள், கட்டணம் எவ்வளவு, யார் முடிவு செய்வார் என்பதை விதித் தாளில் எழுதச் சொல்லுங்கள். வெளியூர் ஆளை வேறு பெயரில் இறக்கினால் அதற்குக் கொடுக்கலாம் என்று கட்டாயம் இருக்கட்டும், ஊர்ப் போட்டிகளில் நிஜமாக ஜெயிக்கும் புரொடெஸ்ட் அதுதான். வார் செட்டப்புக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் சங்கத்தில் பதிவு பெற்ற ரெஃப்ரியையும் இரண்டு லைன்ஸ்மேனையும் நேரடியாகக் கூப்பிடுங்கள். செமி ஃபைனல், ஃபைனலுக்கு மட்டுமாவது ஒவ்வொரு கோல் கோட்டுக்கு அருகிலும் ஒருவரை நிறுத்துங்கள். சம்பளத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். இடைவேளையில் கோட்டைத் திரும்பப் போட ஒரு பையனை நியமியுங்கள்.

அந்த ஆளிடம் முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், ஜிபே பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.