ஒரே 4 வழிச் சாலை, இரண்டு கருவி, இரண்டு அளவு: எதை நம்புவது?

வணக்கம். உங்கள் 4 வழிச் சாலையின் சொரசொரப்பை அளந்ததில், லேசர் கருவியில் ஐஆர்ஐ (சர்வதேசச் சொரசொரப்புக் குறியீடு) 2.4, காரில் பொருத்திய பம்ப் இன்டக்ரேட்டரில் (வண்டியின் குலுக்கலைக் கூட்டிக் கணக்கிடும் கருவி) கி.மீ.க்கு 2450 மி.மீ. என்கிறீர்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஐஆர்ஐ மதிப்பை 1.12 அடுக்குக்கு உயர்த்தி 630ஆல் பெருக்கினால் பிஐ, அதாவது பம்ப் இன்டக்ரேட்டர் காட்ட வேண்டிய அளவு, கிடைக்கும், 2.4க்கு ஏறத்தாழ 1680தான் வர வேண்டும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் சொரசொரப்பு வழிகாட்டியான ஐஆர்சி எஸ்பி 16இன் 2004 பதிப்பில் தார் கான்கிரீட் (தாரும் ஜல்லியும் கலந்த மேல்தளம்) சாலைக்கு 2000க்குக் கீழே நல்லது, 3000 வரை நடுத்தரம் என்று இருந்தது; அது 2019இல் திருத்தப்பட்டது. அதாவது உங்கள் சாலையின் தரமே இந்த வித்தியாசத்தில் மாறிவிடுகிறது. அவசரப்பட்டு அறிக்கை கொடுக்காதீர்கள்.

என் சந்தேகம் கார் கருவி மீதுதான். அது அளப்பது சாலையின் வடிவத்தை அல்ல, வண்டியின் குலுக்கலை. ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலும், டயர் காற்று மாறினாலும், பின்னால் இரண்டு பேர் கூடுதலாக உட்கார்ந்தாலும் எண் மாறும். வேகம் மணிக்கு 32 கி.மீ.யில் நிலையாக இருந்ததா? வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் ஒற்றைச் சக்கரக் கருவி என்றால் அதன் டயர் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ இருக்க வேண்டும்.

அடுத்து, கி.மீ. சராசரியை விட்டுவிட்டு 100 மீட்டர் துண்டுகளாகப் பாருங்கள். பாலத்தின் விரிவு இணைப்பு, சுங்கச்சாவடி வேகத்தடை ஆகியவை இருக்கும் துண்டுகள் மட்டும் எகிறியிருந்தால் அவற்றைத் தனியாகக் குறியுங்கள். எல்லாத் துண்டிலும் ஒரே விகிதத்தில் கூடியிருந்தால் கோளாறு கருவியின் அளவுத்திருத்தத்தில் (காலிப்ரேஷன்) தான்.

திருத்த, வெவ்வேறு சொரசொரப்புள்ள சில நேரான துண்டுகளில் அதே சக்கரத் தடத்தில் மெர்லின் (கையால் தள்ளிச் சொரசொரப்பை அளக்கும் எளிய கருவி) ஓட்டுங்கள். 200 அளவீடு எடுத்து வரைதாளில் புள்ளிகளாகக் குறித்து, இரு ஓரத்திலும் 10 புள்ளிகளை நீக்கி, மீதிப் புள்ளிகள் பரவியிருக்கும் அகலத்தை மி.மீ.யில் 0.0471ஆல் பெருக்கி 0.593 கூட்டினால் ஐஆர்ஐ. இந்தச் சூத்திரம் ஐஆர்ஐ 2.4க்குக் கீழே பொருந்தாது. மிக வழவழப்பான துண்டுக்கு, உயரத்தை நேரடியாக அளக்கும் லெவல் கருவியும் அளவுகோலும்தான்.